கொல்லிமலையில் கமலத்துக்கு ஓர் இடம்

சண்டை முடிந்து வந்த முதல் தை இது. பொங்கல் விடுமுறையில் நான் கொல்லிமலைக்குப் போய்வந்தேன் என்று தெரிந்ததும், பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் அறப்பளீசுவரர் கோயிலைப் பற்றியும் ஆகாச கங்கை அருவியைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. என் தங்கை கமலத்துக்கு ஒரு கல் நடுவதற்காகப் போனேன். அதே மாதிரிக் காரணத்தோடு மலையேற நினைக்கிற சகோதரிகள் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் வழி, வண்டி, செலவு எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கமலம் என்னைவிட ஆறு வயது இளையவள். ரங்கூனில் ஒரு மரக் கிடங்கில் கணக்கெழுதியவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கப்பலில் இடம் கிடைக்காமல், புருஷனும் மனைவியும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே புறப்பட்டார்கள். பாதி வழியில் அவர் வாந்திபேதியில் போனார். சில நாள் கழித்து மலைப்பாதையில் ஒரு மரத்தடியில் கமலமும் போய்விட்டாள். கூட நடந்த அடுத்த வீட்டுக்காரர் எங்களைத் தேடி வந்து சொன்ன செய்தி இது. அவர் இன்னொன்றும் சொன்னார். கமலத்தால் நடக்க முடியாமற் போன அன்று அந்தப் பாதையில் பட்டாள லாரிகள் வரிசையாகப் போயினவாம். அவர் பாதை நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன.

நாலு வருஷமாக அந்த மரத்தைவிட அந்த லாரிகள்தான் என் மனத்தில் நின்றன. அப்பா இந்தச் செய்தியை ஏற்கவே இல்லை. பார்த்தவர் காய்ச்சலில் இருந்தார், ஆள் மாறிப் பார்த்திருக்கலாம் என்றார். திதி கொடுக்க விடவில்லை. கமலம் எங்கள் வீட்டில் விட்டுப் போன டிரங்குப் பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. அவளே வந்து திறப்பாள் என்பார்.

சென்ற ஐப்பசியில் சேலத்தில் எங்கள் பேட்டைப் பெரியவர்கள் சிலர் கூடி, சண்டையில் மாண்ட இந்த வட்டாரத்துச் சிப்பாய்களுக்கு நாற்சந்தியில் ஒரு கல் நாட்டுவது என்று பேசினார்கள். நானும் போயிருந்தேன். பர்மாவிலிருந்து நடந்து வந்து வழியில் மாண்டவர்களின் பெயர்களையும் அதில் பொறிக்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். ஒருவர் மிகவும் மரியாதையாகவே பதில் சொன்னார். "அவர்கள் யுத்தத்தில் சாகவில்லையே அம்மா, வழியில்தானே செத்தார்கள்?" கூட்டத்தில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இதை எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா நல்லம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளியில் பிறந்தவள். அண்ணன் மலைக்காரர்களிடம் மிளகு வாங்கி விற்பவர். அவள்தான் இந்த வழக்கத்தைச் சொன்னாள். மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூரில், வெளியே போய்ச் செத்து உடம்பு ஊர் வந்து சேராதவர்களுக்கு ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் குளிப்பாட்டி ஊர்ச் சோலையின் ஓரத்தில் நடுவார்கள். கல்லில் எழுத்தும் இருக்காது, உருவமும் இருக்காது. இறந்தவரின் வீட்டார் அந்தக் கல்லைத் தொடக்கூடாது. அதேபோல ஓர் ஆளை வெளியில் இழந்த வேறொரு வீட்டார்தான் அதைச் சுமக்க வேண்டும். இவர்கள் கல்லை அவர்களும், அவர்கள் கல்லை இவர்களும்.

சண்டை நடந்த வருஷங்களில் அங்கே ஒரு கல்லும் நடவில்லை. உயிரோடு இருப்பவருக்குக் கல் நட்டுவிட்டால் அவருக்குத் திரும்பி வரும் வழி மறந்துபோகும் என்று நம்புகிறார்கள். சண்டை முடியட்டும், திரும்புகிறவர்கள் திரும்பட்டும் என்று காத்திருந்து, இந்தத் தையில்தான் நடப்போவதாகச் சொன்னாள்.

"உங்க தங்கச்சிக்கும் ஒண்ணு கேட்டுப் பாக்கலாமுங்க டீச்சரம்மா," என்றாள் நல்லம்மா. "குடுத்தாக் குடுக்கறாங்க. இல்லீன்னா மலை பாத்த மாதிரி ஆச்சு."

அன்றே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மலையில் குளிர் அதிகம். கம்பளி எடுத்துக்கொள்," என்றார்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். காலை ஆறு மணி பஸ். கட்டணம் ஒரு ரூபாய். பெட்ரோல் இன்னும் தாராளமாக வரவில்லை. கரி வாயுவில் ஓடுகிற வண்டிதான். பின்பக்கம் பெரிய அடுப்பைப் போல ஓர் உருளை, அதில் கரியைக் கொட்டிக் கிளீனர் வேர்க்க வேர்க்கக் காற்றாடியைச் சுற்றிய பிறகே இஞ்சின் உயிர் பெற்றது. வெள்ளைப் புடவை உடுத்திப் போகாதீர்கள். நான் போனேன்.

ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்தார். "ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க. பொம்பளைங்க எறங்கி நடங்க."

"அப்பறம் எதுக்குங்க டிக்கெட்டு?" என்றாள் நல்லம்மா. "பஸ்ஸுதானே எங்க மேல ஏறி வருது."

"பஸ் உங்க மேல ஏறினா அதுக்குத் தனி டிக்கெட்டுங்க அக்கா."

மேட்டின் மேல் மறுபடி ஏறும்போது இடத்துக்காகச் சின்னத் தகராறு நடந்தது. எனக்குக் கமலத்தின் நினைவு வந்தது. அவள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால், இருவர் உட்கார்ந்திருக்கும் பலகையில் அவர்களை நகர்த்தி மூன்றாவது ஆளுக்கு இடம் பண்ணிவிடுவாள். தனக்கு அல்ல, நின்றுகொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு. "இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள், ஒன்றும் குறைந்து போகாது," என்பாள். நகர்ந்தவர்கள் முதலில் முறைப்பார்கள். இறங்கும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு அப்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

நாமக்கல்லில் ஒன்பதரைக்கு இறங்கி, கோட்டைக்கு எதிரில் ஒரு கிளப்பில் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து சேந்தமங்கலம் ஏழு மைல், இன்னொரு பஸ், நாலணா. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வரை மாட்டு வண்டிதான், ஒன்றரை ரூபாய் பேசினோம். வழி முழுவதும் மலை எதிரே ஒரு சுவர் போல நின்றுகொண்டே இருக்கிறது. எவ்வளவு போனாலும் கிட்ட வருவதில்லை. பிறகு திடீரென்று தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அன்றிரவு நல்லம்மாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து நான் சேலத்திலிருந்தே கொய்னா மாத்திரை கொண்டுபோயிருந்தேன். நீங்களும் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது.

மறுநாள் விடியும்போது ஏறத் தொடங்கினோம். வண்டி போகும் சாலை இல்லை. கற்களை அடுக்கிய ஒற்றையடிப் பாதை, சோளக்காடு என்ற ஊர் வரை ஐந்து மைல் என்கிறார்கள். அந்த மைல்களை அளந்தவர் இறங்கும்போது அளந்திருக்க வேண்டும். எதிரே மலைக்காரர்கள் வாழைத்தார்களையும் மிளகு மூட்டைகளையும் சுமந்து ஏறக்குறைய ஓடியே இறங்குகிறார்கள். அவர்களுக்கு வழி விட்டு மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் அல்ல. என் கையில் குடையைப் பார்த்து ஒருவர் நின்றார்.

"ஏனுங்க அம்முணி, கொடை எதுக்குங்க?"

"மழை வந்தால்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல மேகம் உங்க காலுக்குக் கீழ போயிரும். கொடையக் கவுத்துப் புடிக்கோணும்."

அவர் சொன்னது போலவே ஆயிற்று. பத்து மணிக்குச் சோளக்காட்டை எட்டித் திரும்பிப் பார்த்தபோது, சமவெளி முழுவதும் வெண்பஞ்சால் மூடிக் கிடந்தது. சோளக்காட்டில் சந்தை கூடுகிற இடத்தில் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டோம். கறுத்துப்போன தோலைப் பார்த்து வேண்டாமென்று விடாதீர்கள், அதுதான் இனிப்பு. அங்கே ஒரு பிள்ளையார் முன்னால் வழவழப்பான சிறு கற்கள், கைக்கோடாரி முனைபோல ஒரு பக்கம் கூர்மையானவை, குவிந்து கிடந்தன. உழும்போது மண்ணில் கிடைப்பதைக் கொண்டுவந்து வைப்பார்களாம். அழகாக இருக்கிறதென்று எடுத்து வராதீர்கள்.

அங்கிருந்து ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இரண்டு மணி நேர நடை. மேலே போனால் மலை என்றே தோன்றாது. படிப்படியாக வயல்கள், சாமை அறுத்த தாள், இடையில் மரவள்ளிக் காடுகள், மரங்களில் மிளகுக் கொடி. சிற்றூரில் பதினைந்து வீடுகள் இருக்கலாம். ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் கற்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லம்மாவின் அண்ணனை அவர்களுக்குத் தெரியுமாதலால் எங்களுக்குப் பாய் போட்டு, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். அதன் பிறகே வந்த காரியத்தைக் கேட்டார்கள்.

நான் கமலத்தைப் பற்றிச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"பாவந்தானுங்க. ஆனா இது எங்க ஊர்ச் சனத்துக்கு வெக்கிற கல்லுங்க. வெளியாளுக்கு வெச்ச வழக்கம் இல்லீங்க. பொறவு, உங்க தங்கச்சியச் சொமக்கறதுக்கு ஆள் வேணுமே. இங்க அவங்கவங்க சோடி சேந்தாச்சு. மலாயாவுக்குப் போனவங்க மூணு பேரு, ரயில் ரோட்டுக் கூலியாப் போனவன் ஒருத்தன். நாலு ஊடும் பேசி முடிச்சாச்சு."

"நாலு இல்லீங்க. அஞ்சு," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

என் வயதுதான் இருக்கும். ஆனால் மெலிந்து, கன்னம் ஒட்டி, மூத்தவளாகத் தெரிந்தாள். பெயர் வெள்ளையம்மா. அவளுடைய ஒரே மகன் சடையன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் செத்தவன். அவனுக்கு ஒரு கல் வேண்டுமென்று அவள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் கல்லைச் சுமக்க எந்த வீடும் முன்வரவில்லை.

காரணத்தைச் சொன்னவர் பொன்னன் என்பவர். ஊர்க்கவுண்டர் சொன்ன ரயில் ரோட்டுக் கூலி இவருடைய அண்ணன்தான், மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் காட்டில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, அங்கே அடிபட்டுச் செத்தவர்.

"எங்கண்ணனச் சாகடிச்சது சிப்பாய்ங்க. அவன் சப்பான் சிப்பாய், இவன் நம்ம சிப்பாய்ன்னு சொல்லுவாங்க. துப்பாக்கிக்கு அதெல்லாம் தெரியுமாங்க? அடிச்சவன் சாதியும் அடி வாங்கினவனும் ஒரே வரிசையில எப்பிடி இருப்பாங்க?"

ஊர்க்கவுண்டர் எனக்கு விளக்கினார். கல்லைச் சுமந்து வந்தவரிடம் சோலை ஓரத்தில் மூன்று கேள்வி கேட்பார்கள். யாரைக் கொண்டுவந்தாய்? எங்கிருந்து கொண்டுவந்தாய்? இங்கே இருப்பவர்களோடு ஒத்து இருப்பாரா? மூன்றாவதுக்கு, "இருப்பார்" என்று சுமந்தவர் எல்லார் முன்பும் பொறுப்பேற்க வேண்டும். சடையனுக்காக அப்படிப் பொறுப்பேற்க இந்த ஊரில் ஆளில்லை.

"சமையக்காரனா இருந்தான்னு சொல்லீரு வெள்ளையம்மா, ஒரு பேச்சுக்கு," என்றார் ஒருவர். "ஆருக்குத் தெரியப் போவுது?"

"துப்பாக்கியோட நின்னு படம் புடிச்சு அனுப்பியிருக்கான். அதைப் பாத்துட்டு நீதானே எங்கூட்டு வாசல்ல வந்து சிரிச்சே? இப்பச் சமையக்காரன்னு சொல்லச் சொல்றியா?" என்றாள் வெள்ளையம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க தங்கச்சிய நான் சொமக்கறேனுங்க. எம்பட பையன நீங்க சொமங்க."

எல்லாரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். "வெளியாளுக்குக் கல் வெக்கப்படாதுன்னு எவனும் சொல்லி வெக்கலே. வெச்சதில்லே, அவ்வளவுதான்," என்றார் அவர் கடைசியில். "ஆனா மூணாவது கேள்விக்கு அம்முணிதான் பதில் சொல்லோணும். அதுல எவனும் ஒத்தாசை பண்ண முடியாது. நாளைக்குக் காலையில."

நான் நினைத்துவந்தது நடக்கப்போகிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு சிப்பாயைத் தோளில் சுமந்து, அவனுக்காக நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டதும் அந்த லாரிகள்தான் மறுபடி கண்முன் வந்தன.

சாயங்காலம் வெள்ளையம்மாவோடு ஓடைக்குப் போனேன். அவரவர் சுமக்கப்போகும் கல்லை அவரவரே தேட வேண்டும். இடுப்புக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க முடிகிற கல்லாக இருக்க வேண்டும். அவள் தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, "உங்க தங்கச்சி சிவப்பா, கறுப்பா?" என்று கேட்டாள். மாநிறம் என்றேன். நான் கரையிலேயே நின்றேன். பிறகு அந்த லாரிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்து அதை மறைத்துச் சுமக்க என்னால் முடியவில்லை.

அவள் கல்லைப் புரட்டுவதை நிறுத்தினாள். "அந்த லாரியில எம்பட பையன் இருந்தானான்னு கேக்கறீங்களா?"

"இல்லை என்று நீங்கள் சொன்னால் போதும்."

"எனக்குத் தெரியாதுங்களே. அவன் எப்ப எங்க இருந்தான்னு எனக்கு ஆரு சொன்னாங்க? இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தால் நிறுத்தியிருப்பானா?"

என்னைச் சமாதானப்படுத்த வெள்ளையம்மா பொய் சொல்வாள் என்று அப்போதுகூட எதிர்பார்த்தேன்.

"மேல இருக்கறவன் நிறுத்துன்னா நிறுத்துவான். போன்னா போவான். சொன்ன பேச்சைக் கேக்கற பையனுங்க. அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம் குடுத்தாங்க." தண்ணீரில் கையை அலசினாள். "போனப்பறம் ராத்திரி பூரா அழுதிருப்பான். அது மட்டும் எனக்குத் தெரியுமுங்க. ஆடு செத்தா மூணு நாளு சோறு திங்க மாட்டான்."

அவள் மறுபடி கற்களைப் புரட்டத் தொடங்கினாள். ஒன்றைத் தூக்கி என்னிடம் காட்டினாள். இளஞ்சிவப்பு ரேகை ஓடிய மாநிறக் கல், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, யாருக்கோ காது கொடுப்பது போல இருந்தது. கமலம்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தண்ணீருக்குள் இறங்கினேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. இருட்டுவதற்குள் சடையனுக்கும் ஒரு கல் கிடைத்தது. கறுப்பு, நெட்டை, வழவழப்பு. "கொஞ்சம் குண்டா இருந்தா நல்லாயிருக்கும்," என்றாள் அவன் அம்மா. "பட்டாளத்துல நல்லாச் சோறு போட்டாங்களாம்."

மறுநாள் காலை பனி விலகாத நேரத்தில் ஓடையிலிருந்து கிளம்பினோம். செருப்பில்லாமல், வழியில் கல்லைக் கீழே வைக்காமல் சோலை வரை வர வேண்டும். கால் மைல் ஏற்றம். நான் பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு மேல் எதையும் தூக்காதவள். தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் கல் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஈரம் முதுகில் இறங்கியது. பாதியில் மூச்சு வாங்க நின்றேன். நல்லம்மா பக்கத்திலேயே வந்தாள், தொடக்கூடாது என்பதால் கையை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு. "வெச்சிராதீங்க டீச்சரம்மா. வெச்சா முதல்ல இருந்து வரோணும்," என்றாள். வைக்கவில்லை. அந்த ஏற்றத்தில் நான் சடையனை மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய். கீழே போட்டுவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

சோலை ஓரத்தில் பழைய கற்கள் வரிசையாக நின்றன. பாசி பிடித்தவை, மண்ணில் பாதி புதைந்தவை. மலாயாக் கற்கள் மூன்றும் ரயில் பாதைக் கூலியின் கல்லும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டன. பொன்னனின் அண்ணன் கல் வரிசையின் கடைசியில் நின்றது. அதற்கு அடுத்து வெள்ளையம்மா வந்து நின்றாள்.

"ஆரைக் கொண்டாந்தே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கமலத்தைக் கொண்டாந்தேன்."

"எங்கிருந்து கொண்டாந்தே?"

"பர்மா ரோட்டுல, மரத்தடியில இருந்து."

"இங்க இருக்கறவங்களோட ஒத்து இருப்பாளா?"

"இருப்பா. எம்பட பையன் அவகிட்ட வம்பு பண்ணினா என்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. நான் வந்து கேக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். பிறகு என் முறை. முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதை ஊர்க்கவுண்டர் மெதுவாகக் கேட்டார். பொன்னன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்த்தார். "இருப்பான்" என்ற ஒரு சொல்தான். ஓடையில் பொய் சொல்ல மறுத்தவள் எதிரில் நிற்கும்போது அது வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "இவனை நான் பார்த்ததில்லை. ஆனால் என் தங்கச்சியைத் தெரியும். பஸ்ஸில் நிற்கிறவன் யாராக இருந்தாலும் இரண்டு பேரை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுப்பாள். அவளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்."

தோளில் கல் கனத்துக்கொண்டே போயிற்று. இந்தப் பதில் செல்லுமா என்று ஊர்க்கவுண்டருக்கும் தெரியவில்லை போலும். அவர் பொன்னனைப் பார்த்தார். பொன்னன் தன் அண்ணனின் கல்லைப் பார்த்தார், பிறகு வெள்ளையம்மா தோளில் இருந்த கல்லை.

"அந்தம்மா நடுவுல இருப்பாங்களா?" என்றார் என்னிடம்.

"இருப்பாள்."

"சரி. அந்தம்மா நடுவுல இருக்கட்டும்."

அவரே குழி தோண்டினார். கமலத்துக்கு அவர் அண்ணனை ஒட்டினாற்போல ஒன்று. சடையனுக்கு அதற்கு அப்பால், ஒரு முழம் தள்ளி. அந்த ஒரு முழத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லை இறக்கிய பிறகு என் தோள் தானாக மேலே எழும்பியது, பக்கத்தில் யாரோ தூக்கிவிட்டது போல. வெள்ளையம்மா தன் மகனின் கல்லைத் தொடாமல் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கமலத்தைத் தொடவில்லை. கிளம்பும்போது அவள், "அடுத்த தைக்கு வந்திருங்க அம்முணி," என்றாள். சுமந்தவர்தான் வருஷா வருஷம் வந்து கல்லைக் கழுவ வேண்டுமாம். "நீங்க வரலீன்னா எம்பட பையன் அழுக்காவே நிப்பான்." இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், "கமலத்தின் கல் கனமாக இருந்ததா?" என்று கேட்டார்.

"அதை நான் சுமக்கவில்லை அப்பா. ஒரு சிப்பாயின் தாய் சுமந்தாள்."

அவர் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அதை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். திதி எப்போது என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கிறேன் என்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி இரண்டு மாதமும் ஏற்றது. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், காய்ச்சலும் அதிகம். அரிசி, தீப்பெட்டி, கம்பளி, கொய்னா கொண்டுபோங்கள். மேலே காசு கொடுத்தால் சாப்பாடு கிடைக்காது. காசு கொடுக்காமல் கேட்டால் கிடைக்கும். போக வர ஒருவருக்கு ஏழெட்டு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பெண்கள் தனியாகப் போகலாம், காரவள்ளியில் ஒரு துணையைப் பேசிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கல் நட வேண்டியிருந்தால், யாரையோ சுமக்கத் தயாராகப் போங்கள். யாரை என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

எங்கள் பேட்டையில் கல் நாட்டும் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறது. போகப்போகிறேன். இந்தத் தடவை எழுந்து நின்று வழியில் செத்தவர்களுக்காக மட்டும் பேச மாட்டேன். கொல்லிமலையில் சடையன் என்று ஒரு சிப்பாய் இருந்தான், அவன் பெயரும் உங்களிடம் இல்லை என்றும் சொல்வேன். இருவரையும் சேர்த்தே எழுதுங்கள் என்பேன். இடமில்லை என்றால், கொஞ்சம் தள்ளி எழுதுங்கள், ஒன்றும் குறைந்து போகாது என்பேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் சோலைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுங்கள். வரிசையின் கடைசியில், ஒரு முழம் இடைவெளியோடு இரண்டு புதுக் கற்கள். எது சிப்பாய், எது என் தங்கை என்று ஊரில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஓடை பக்கத்தில்தான்.